அவரவர் முழம்

நுழையும்முன்

அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றுதான். அளக்கப்படும் மனிதர்கள் ஒரே அளவினர் அல்லர். வெளிமாநிலத்தில் பணியாற்றும் தமிழாசிரியர் ஒருவர், வில்லும் அம்பும் தமக்குக் கற்பித்த பாடத்தை இக்கட்டுரையில் நம்முடன் பகிர்ந்துகொள்கிறார்.

1

என் சொந்த ஊர் நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம். அது கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ளது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது என்று கேட்டே வளர்ந்தேன். ஆடி மாதத்தில் மலைமேல் ஓரிக்கு விழா எடுப்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே செல்லும். செம்மேட்டில் ஓரியின் சிலையைப் பார்த்துவிட்டு, வில்வித்தைப் போட்டி நடக்கும் இடத்துக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன்.

ஓரி எய்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்தது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பின்னாளில் அப்பாடலை நான் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வில்லைப் பற்றி இலக்கியம் சொல்வதெல்லாம் எனக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் நாற்பது வயது கடந்தும் ஒரு வில்லை என் கையால் தொட்டதில்லை. அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை ஒரு மாணவியின் காயம்தான் எனக்கு உணர்த்தியது.

2

பணிமாற்றம் பெற்றுப் பெங்களூருக்கு வந்தபோது, சிவாஜிநகரில் வீடு பார்த்தேன். தமிழ் காதில் விழும் இடமாக இருக்கட்டும் என்பதே காரணம். 1927-இல் கட்டப்பட்ட ரசல் மார்க்கெட்டும், அதன் அருகே உயர்ந்த கோபுரத்துடன் நிற்கும் தூய மரியன்னை பேராலயமும் அப்பகுதியின் அடையாளங்கள். சந்தைக்குள் நுழைந்தால் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு ஆகிய நான்கும் ஒரே பேரத்தில் கலந்து ஒலிக்கும். செப்டம்பர் மாதத் திருவிழாவின்போது தெருவெல்லாம் பூவாக இருக்கும்.

நான் பணியாற்றும் மத்தியப் பள்ளியில் தமிழ் ஒரு விருப்பமொழி. வாரத்தில் சில பாடவேளைகள் மட்டுமே அதற்கு உண்டு. என் வகுப்பில் இருக்கும் மாணவர்கள் பலவகையினர். ஒருவனுடைய தந்தை சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவன் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவன். இன்னொருத்தியின் குடும்பம் நான்கு தலைமுறையாகப் பெங்களூரிலேயே வாழ்வது. அவள் தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுவாள்.

அந்த மாணவியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஒன்பதாம் வகுப்பு. வகுப்பிலேயே உயரமானவள், கைகளும் நீளமானவை. அவளுடைய பாட்டி ரசல் மார்க்கெட் அருகே பூ விற்பவர். 'என் குடும்பம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது அவள், "எங்க பாட்டி மொழம் பூவும் விப்பாங்க, மாரு பூவும் விப்பாங்க" என்று எழுதியிருந்தாள். நான் 'மொழம்' என்பதை 'முழம்' என்று திருத்தினேன். 'மாரு' என்பதை அடித்துவிட்டு, 'பிழை' என்று சிவப்பு மையில் எழுதினேன். பத்துக்கு மூன்று மதிப்பெண் இட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ஏட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

3

எங்கள் பள்ளியில் வில்வித்தைப் பயிற்சி உண்டு. பயிற்றுநர் வாரத்தில் இரண்டு நாள் மாலையில் வருவார். மூங்கிலாலும் மரத்தாலும் ஆன வில்லைக் கொண்டு 30 மீட்டர், 50 மீட்டர் தொலைவிலுள்ள இலக்குகளை எய்யும் 'இந்தியன் ரவுண்டு' என்னும் பிரிவில் மாணவர்கள் பயின்றனர். நம் நாட்டில் இளையோர் பலர் இப்பிரிவிலிருந்தே வில்வித்தையைத் தொடங்குகின்றனர்.

அந்த மாணவி அணியில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கென அம்புகள் இன்னும் வந்துசேரவில்லை. அதுவரை ரப்பர் பட்டையை இழுத்துத் தோளைப் பழக்கும்படி பயிற்றுநர் அவளிடம் சொல்லியிருந்தார்.

ஒருநாள் மாலை பயிற்றுநர் வரவில்லை. அவர் இல்லாதபோது வில்லைத் தொடக்கூடாது என்பது விதி. போட்டி நெருங்குகிறது என்று மாணவர்கள் கெஞ்சினார்கள். மேற்பார்வையில் இருந்த நான் இணங்கினேன். அவளும் கீழ்வகுப்பு மாணவர்களுக்குரிய பெட்டியிலிருந்து ஓர் அம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, நானும் ஒரு தடவை விடட்டுமா?" என்று கேட்டாள். "விடு" என்றேன்.

அவள் தயங்கித் தயங்கி நாணைப் பாதி இழுத்தாள். எனக்குக் கொல்லிமலை நினைவுக்கு வந்தது. "இன்னும் இழு! காதுவரை இழு! ஓரியைப் பற்றிப் படித்தாயே!" என்று உற்சாகமாகக் கத்தினேன். ஆசிரியை சொல்கிறாரே என்று அவள் முழு வலிமையோடு இழுத்தாள். அம்பின் முனை வில்லைத் தாண்டி உட்புறம் வந்து சரிந்தது. அவள் பதறினாள்; நாண் விரலிலிருந்து நழுவியது. அடுத்த கணம் வில்லைப் பிடித்திருந்த இடக்கையின் கட்டைவிரல் அடியில் இரத்தம்.

மருத்துவமனையில் இரண்டு தையல் போட்டார்கள். எலும்பிலோ நரம்பிலோ படவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. விசை குறைந்த பயிற்சி வில்லாக இருந்ததால் காயம் அந்த அளவோடு நின்றது.

மறுநாள் பயிற்றுநர் வந்தார். தவறு என்னுடையது என்று நானே முதலில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மேடம், அந்த அம்பின் நீளத்தைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

4

அன்று மாலை மன்னிப்புக் கேட்பதற்காக அவளுடைய பாட்டியைத் தேடிச் சென்றேன். பூக்கூடையின் பின்னால் அமர்ந்து, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை மல்லிகைச் சரத்தை அளந்துகொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "வேணும்னா செஞ்சீங்க டீச்சரம்மா? தெரியாம செஞ்சது. இனிமே தெரிஞ்சுக்குங்க" என்றார்.

அப்போது பூ வாங்க வந்த ஒருவர், "உங்க மொழம் குட்டையா இருக்கே" என்று குறைப்பட்டார். பாட்டி சிரித்தார். "என் கை குட்டை, என் மொழமும் குட்டை. என் பேத்தி வந்து அளந்தா உங்களுக்கு லாபம். அவ கையை இன்னிக்கு டீச்சரம்மா கட்டிப்போட்டாங்க" என்றார். வாங்க வந்தவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

கன்னடம் பேசும் பெண் ஒருத்தி வந்து, "ஒந்து மாரு" என்று கேட்டாள். பாட்டி இரு கைகளையும் அகல விரித்து, ஒரு கைநுனியிலிருந்து மறு கைநுனிவரை சரத்தை நீட்டி அளந்தார். நான் 'பிழை' என்று அடித்த சொல் என் கண்முன்னே அளந்து விற்கப்பட்டது. நம் கடற்கரை மீனவர்கள் ஆழத்தை அளக்கும் 'பாகம்' என்னும் அளவும் இதுவே. தமிழின் முழம் கன்னடத்தில் 'மொள', பாகம் 'மாரு'. அவள் எழுதியது பிழையன்று. எனக்குத் தெரியாத அளவு.

5

இரண்டு வாரங்களில் காயம் ஆறியது. அவளுடைய அளவை எடுக்கும் நாளில் என்னையும் அருகில் நிற்கச் சொன்னார் பயிற்றுநர். அன்று நான் மாணவியாக நின்று கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நாணை முழுமையாக இழுத்த நிலையில் வில்லின் பிடிக்கும் நாணுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறதோ, அதைக் கொண்டே ஒருவரின் இழுப்பு நீளம் கணக்கிடப்படுகிறது. இந்த நீளம் தெரியாமல் வில்லையோ அம்பையோ தேர்ந்தெடுக்கக் கூடாது.

முதலில் அவளைச் சுவரோடு சாய்ந்து நிற்கச் செய்து, இரு கைகளையும் தோள் உயரத்தில் விரிக்கச் சொன்னார். இடக்கை நடுவிரல் நுனியிலிருந்து வலக்கை நடுவிரல் நுனிவரை நாடாவால் அளந்தார். 170 செ.மீ. இருந்தது. அதை 2.5-ஆல் வகுத்தார். 68 செ.மீ. வந்தது, அதாவது ஏறத்தாழ 26¾ அங்குலம். அன்று அவள் எடுத்த அம்போ 25 அங்குலம்! அம்பு இழுப்பு நீளத்தைவிட ஓரிரு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். தொடக்க நிலையினர்க்கு இன்னும் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. அம்பு குட்டையாக இருந்தால் முனை வில்லின் உட்புறம் வந்து விழும். பிறகு அது பாயும் இடம் இலக்கன்று, எய்பவரின் கை.

இந்தக் கணக்கைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. மனிதருக்கு எண்சாண் உடம்பு என்பது நம் வழக்கு. இரண்டு சாண் ஒரு முழம். நான்கு முழம் ஒரு பாகம். விரித்த கைகளின் அகலமும் நிற்கும் உயரமும் பெரும்பாலார்க்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆகவே உயரமும் எண்சாண், பாகமும் எண்சாண். எட்டை 2.5-ஆல் வகுத்தால் 3.2. ஒருவர் நாணை இழுக்கும் நீளம், அவருடைய சொந்தச் சாணால் மூன்று சாணும் கொஞ்சமும். பிறருடைய சாணால் அளந்தால் இந்தக் கணக்குத் தவறிவிடும்.

"இது தோராயம்தான். உண்மையான அளவை வில்தான் சொல்லும்" என்றார் பயிற்றுநர். விசை மிகக் குறைந்த வில் ஒன்றை எடுத்தார். அங்குலக் கோடுகள் இட்ட நீளமான அம்பு ஒன்றை நாணில் பொருத்தினார். அவள் நாணை இழுத்து, ஆள்காட்டி விரல் உதட்டின் ஓரத்தைத் தொடும்படி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் கை வந்து நிற்க வேண்டிய இடம் அதுவே. குறிகாட்டும் கருவி இல்லாத மரபு வில்லில், கை நிற்கும் இடம் மாறினால் அம்பு போகும் இடமும் மாறும். அவள் நிறுத்தியதும், வில்லின் முன்புறத்தில் அம்பின் எந்தக் கோடு நிற்கிறது என்பதை அருகில் நிற்பவர் படிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை எனக்குத் தந்தார்.

முதல்முறை 24½ என்று படித்தேன். பயிற்றுநர் குறித்துக்கொள்ளவில்லை. "பயந்துகொண்டு இழுக்கிறாள், தோள் சுருங்குகிறது. இது அவள் அளவன்று, அவள் பயத்தின் அளவு" என்றார். தழும்பேறிய அந்தக் கையை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். அது இலேசாக நடுங்கியது. என் கண்கள் கலங்கின. வில்லை இறக்கி வைத்துவிட்டுச் சற்றுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டாம் முறை 26. மூன்றாம் முறை 26½. நான்காம் முறையும் 26½. அதைத்தான் அவர் ஏட்டில் எழுதினார். சில மாதப் பயிற்சியில் தோள் நன்கு விரியும்போது இது சற்று மாறக்கூடும் என்றும், அப்போது மீண்டும் அளக்க வேண்டும் என்றும் சொன்னார். அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்துவிடக் கூடாது. விசை போக வழியின்றி வில் முறியும் என்பதையும் எல்லா மாணவர்க்கும் நினைவூட்டினார்.

வில்லின் மேல் எழுதியிருக்கும் எண்ணின் பொருளும் அன்றுதான் விளங்கியது. பெரும்பாலான விற்களில் 28 அங்குலம் இழுத்தால் எத்தனை பவுண்டு விசை என்பது குறிக்கப்பட்டிருக்கும். அதைவிடக் குறைவாக இழுப்பவருக்கு அவ்வளவு விசை கிடைக்காது. 20 பவுண்டு வில்லில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டும், 40 பவுண்டு வில்லில் ஏறத்தாழ இரண்டு பவுண்டும் குறையும். ஆகவே ஒரே வில் இருவர் கையில் இரண்டு வேறு விற்கள். வில்லின் எல்லையைக் கடந்து இழுத்தால் முறியும் என்று அவர் சொன்னபோது, மிதிலையில் இராமன் வில்லொடித்த கதையை ஒரு மாணவன் நினைவூட்டினான். "அவருக்குச் சீதை கிடைத்தாள், உனக்குப் புது வில்லுக்கான கட்டணச் சீட்டு கிடைக்கும்" என்றார் பயிற்றுநர்.

6

அன்றிரவு எனக்கு ஏகலைவன் நினைவாகவே இருந்தது. கட்டைவிரலால் நாணை இழுக்கும் முறை ஆசிய நாடுகளில் பரவலாக வழங்கியது. அம்முறையில் எய்பவனுக்குக் கட்டைவிரல்தான் எல்லாம். ஆசிரியர் அதையே காணிக்கையாகக் கேட்டார், மாணவன் கொடுத்தான். அக்கதையை நடத்தும்போதெல்லாம் துரோணரை நான் கடிந்து பேசுவதுண்டு. ஆனால் மாணவியின் அளவை அறியாமல் "இழு" என்று கட்டளையிட்ட நான், அவளுடைய கட்டைவிரலுக்கு எவ்வளவு அருகில் சென்றுவிட்டேன்!

ஜம்மு-காஷ்மீரின் கிஷ்துவார்ப் பகுதியில் பிறந்த ஷீத்தல் தேவியைப் பற்றிப் பயிற்றுநர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பிறவியிலேயே கைகள் இல்லாதவர். வலக்காலால் வில்லைத் தாங்கி, தோளால் நாணை இழுத்து, வாயால் அம்பை விடுவிக்கிறார். 2024-இல் பாரிஸில் நடந்த மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டியில், இராகேஷ் குமாருடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17. கைகளை விரித்து 2.5-ஆல் வகுக்கும் கணக்கு அவருக்கு எப்படிப் பொருந்தும்? அவரைப் பயிற்றுவித்தவர்கள் அவர் உடலையே அளவாகக் கொண்டு வில்லை அமைத்தார்கள். அந்தக் கணக்கு பொருந்தவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்தப் பதக்கம் ஏது?

என் வகுப்பறையை எண்ணிப் பார்த்தேன். சேந்தமங்கலத்தில் நான் கற்ற தமிழையே முழமாக வைத்து, சிவாஜிநகரில் வளர்ந்த பிள்ளைகளை அளந்துகொண்டிருந்தேன். எழுத்துவழக்கைக் கற்பிப்பது என் கடமை, அதில் மாற்றமில்லை. இலக்கு எல்லார்க்கும் ஒரே தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் யார் எவ்வளவு இழுக்க முடியும் என்று பார்க்காமல் ஒரே நீளத்து அம்பை எல்லார் கையிலும் திணிப்பது கற்பித்தல் ஆகாது.

மறுவாரம் அவளுடைய பழைய கட்டுரை ஏட்டைத் திரும்ப வாங்கினேன். 'பிழை' என்று எழுதியதை அடித்துவிட்டு, 'மாரு – கன்னடச் சொல். தமிழில் பாகம்' என்று எழுதினேன். அளவுகள் பற்றி அவளே ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அவள் பாட்டியிடம் கேட்டு, சாண், முழம், பாகம் ஆகிய மூன்றையும் படம் வரைந்து எழுதிக்கொண்டு வந்தாள். எழுத்துப்பிழைகள் இருந்தன. அவற்றை இருவரும் அருகருகே அமர்ந்து திருத்தினோம்.

7

இப்போது அணியில் புதிதாகச் சேரும் சிறுவர்களுக்கு அளவெடுத்து, அம்புகளில் அவரவர் பெயரை எழுதி ஒட்டும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறார் பயிற்றுநர். பெயரில்லாத அம்பை யாரும் எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி.

சென்ற மாதம் ஒரு மாலையில், "அம்மா, நீங்களும் சுவரோடு நில்லுங்கள்" என்றாள். நின்றேன். கைகளை விரித்தேன். 160 செ.மீ. அவளே வகுத்துச் சொன்னாள்: "64. இருபத்தைந்து அங்குலம். உங்களுக்கு இருபத்தேழு அங்குல அம்பு வேண்டும்."

பயிற்றுநர் தலையசைத்தார். கொல்லிமலை அடிவாரத்தில் பிறந்த நான், முதன்முதலாக ஒரு வில்லைக் கையில் எடுத்தேன். நாணை இழுத்தேன். தோள் சுருங்கியது.

"பயப்படாதீங்க அம்மா. மூன்று தடவையாவது அளக்கணும்" என்றாள் அவள்.

சொல்லும் பொருளும்

நாண் – வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் கயிறு
சாண் – விரித்த கையில் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரையுள்ள நீளம்
முழம் – முழங்கை முதல் நடுவிரல் நுனி வரையுள்ள நீளம், இரண்டு சாண்
பாகம் – விரித்த இரு கைகளின் நீளம், நான்கு முழம்
எண்சாண் – எட்டுச் சாண்
தோராயம் – ஏறத்தாழக் கணித்த அளவு

மதிப்பீடு

1. மாணவியின் கையில் காயம் ஏற்பட்டதற்கான காரணங்களை வரிசைப்படுத்தி எழுதுக.
2. முதல்முறை கிடைத்த 24½ என்ற அளவைப் பயிற்றுநர் ஏன் ஏற்கவில்லை?
3. 'மாரு' என்னும் சொல்லை ஆசிரியை முதலில் எவ்வாறு கருதினார்? பின்னர் எவ்வாறு அறிந்தார்?
4. 'இலக்கு எல்லார்க்கும் ஒரே தொலைவில்தான் இருக்கிறது' – இத்தொடர் வழியே கட்டுரையாசிரியர் கூறும் கருத்தை விளக்குக.

கற்பவை கற்றபின்

உன் நண்பர் ஐவரின் கைகளை விரிக்கச் செய்து பாக அளவையும், அவர்களின் உயரத்தையும் அளந்து அட்டவணைப்படுத்துக. ஒவ்வொருவரும் அவரவர் சாணால் எத்தனை சாண் உயரம் என்பதையும் கண்டறிந்து வகுப்பில் பேசுக.